லிசடெல் வீட்டு மூத்த மகள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், ஸ்லைகோ மாவட்டத்தில், லிசடெல் என்றொரு மாளிகை இருக்கிறது. அதன் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் சுவரை ஒட்டிய தூண்களில் நெடுநெடுவென்று சில உருவங்கள் நிற்கும். ஒன்றில் வீட்டின் கடைக்குட்டி மகன் மார்டண்ட். இன்னொன்றில் பட்லர் தாமஸ் கில்கேலன். வேட்டைக்காட்டைக் காத்தவர் ஒருவர், மரங்களைப் பார்த்துக்கொண்டவர் ஒருவர், ஒரு நாய். 1908 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டுக்கு வந்திருந்த மருமகன் வரைந்தவை இவை. அவர் போலந்துக்காரர், காசிமிர் மார்க்கியேவிச் என்று பெயர். எஜமானும் வேலைக்காரரும் ஒரே உயரத்தில், ஒரே வரிசையில் நிற்பதை அந்த அறையில் விருந்து உண்டவர்கள் அன்றாடம் பார்த்திருப்பார்கள்.

அந்த மருமகனின் மனைவிதான் இந்த வீட்டு மூத்த மகள், கான்ஸ்டன்ஸ் கோர்-பூத். கணவர் தூண்களில் படம் வரைந்த அதே 1908இல்தான் அவர் அயர்லாந்து விடுதலை கோரிய சின் ஃபெயின் இயக்கத்தில் சேர்ந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான டப்ளின் எழுச்சியில் துப்பாக்கி ஏந்தினார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, அதிலிருந்து தப்பி, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஆனார். பச்சைச் சீருடையும் இறகு வைத்த தொப்பியும் கையில் ரிவால்வருமாக ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று உண்டு. உலகம் அவரை அந்தப் படமாகவே நினைவில் வைத்திருக்கிறது.

எனக்கு அந்தப் படம் போதவில்லை. அதைப் பார்ப்பவர்கள் ஒரு பிரபு வீட்டுப் பெண் எங்கிருந்தோ திடீரென்று புரட்சிக்காரியாக முளைத்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். அவரோடு பிறந்த இருவரின் வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்குகிறது. தம்பி ஜாஸ்லின், தங்கை ஈவா, மூத்தவர் கான்ஸ்டன்ஸ். மூவரும் ஒரே வீட்டில் ஒரே பசியைப் பார்த்து வளர்ந்தவர்கள். நம் தட்டில் இருக்கும் சோறு யாருடைய உழைப்பு என்ற கேள்வி மூவரையும் விடவில்லை. அதற்கு ஆளுக்கொரு பதில் சொன்னார்கள்.

முதலில் இந்தக் குடும்பங்கள் யார் என்று பார்த்துவிடுவோம். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்து அயர்லாந்தைப் படைகொண்டு அடக்கியபோது, பூர்வகுடிகளான கத்தோலிக்கர்களின் நிலத்தைப் பறித்துத் தன் படைவீரர்களுக்கும் விசுவாசிகளுக்கும் வழங்கியது. அப்படி நிலம் பெற்றவர்களின் வழிவந்தவர்களே ஆங்கிலோ-ஐரிஷ் பிரபுக்கள். மதத்தால் புராட்டஸ்டண்டுகள், பேச்சால் ஆங்கிலேயர்கள், பிறந்து வளர்ந்தது மட்டும் அயர்லாந்து. லண்டனில் அவர்களை ஐரிஷ்காரர்கள் என்றார்கள். சொந்த ஊர்க் குடியானவர்கள் ஆங்கிலேயர்கள் என்றார்கள். அவர்களின் மாளிகையை ஊரார் ‘பெரிய வீடு’ என்றே அழைத்தார்கள். 1870கள் வரையிலும் நாட்டின் பாதி நிலம் சுமார் 750 குடும்பங்களின் கையில் இருந்தது. அதில் உழுதவர்கள் குத்தகைக்காரர்கள். குத்தகைப் பணமான வாரத்தைக் கட்ட முடியாமல் போனால் வீட்டோடு வெளியேற்றலாம்.

கோர் குடும்பத்தின் மூதாதை பால் கோர், முதலாம் எலிசபெத் ராணியின் காலத்தில் படைவீரராக அயர்லாந்துக்கு வந்தவர். 1760இல் குடும்பத்துக்குப் பாரனெட் பட்டம் கிடைத்தது. இப்போது நிற்கும் லிசடெல் மாளிகையை 1830களில் கட்டியவர் கான்ஸ்டன்ஸின் தாத்தா சர் ராபர்ட். சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல், கிரேக்கப் பாணி, அலங்காரமே இல்லாத வெளிச்சுவர். முன்னால் கடல், பின்னால் மேசையை வெட்டி வைத்தாற்போல் பென் பல்பன் மலை. பண்ணை நிலம் சுமார் 32,000 ஏக்கர்.

சர் ராபர்ட்டைப் பற்றி ஊருக்கு இரண்டு நினைவுகள் உண்டு. 1845இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து அயர்லாந்தில் பஞ்சம் வந்தபோது சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், இன்னும் அத்தனை பேர் கப்பலேறினார்கள். அந்த நாட்களில் நிலத்தை அடமானம் வைத்து ஊருக்குச் சோறு போட்டவர் என்பது ஒரு நினைவு. பஞ்சத்துக்கு முன்பே பாலிகில்கன் பகுதியில் குடியானவர்களை நிலத்தைவிட்டுக் கிளப்பியவர், பஞ்சத்தின்போதும் குத்தகைக்காரர்களைக் கப்பலில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பியவர் என்பது மற்றொன்று. அப்படிப் போன கப்பல்களில் ஒன்று கடலில் மூழ்கியதாக அந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு கதை சொல்லப்படுகிறது. அது நடந்ததாக வரலாற்று ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் அப்படி ஒரு கதை பிறந்து நூறாண்டுக்கு மேல் உயிரோடு இருந்ததே ஊருக்கும் பெரிய வீட்டுக்கும் இடையில் இருந்த உறவைக் காட்டிவிடுகிறது. உதவியவர் மனதில் ஈரம் இருந்திருக்கலாம். போகவா இருக்கவா என்று தீர்மானிக்கும் உரிமை மட்டும் உதவி பெற்றவர் கையில் இல்லை.

கான்ஸ்டன்ஸின் அப்பா சர் ஹென்றிக்கு நிலத்தைவிடக் கடல் பிடித்திருந்தது. வடதுருவப் பயணங்களில் பைத்தியமாக இருந்தவர். 1882இல் துருவக் கடலில் காணாமல்போன லீ ஸ்மித் என்ற பயணியைத் தேடிக் ‘காரா’ என்ற தன் கப்பலில் புறப்பட்டார். தூணில் நிற்கும் கில்கேலன்தான் இந்தப் பயணங்களில் அவரோடு போன துணை. நாடு சுற்றிய அந்த மனிதர் 1879-80 குளிர்காலத்தில் மேற்கு அயர்லாந்தில் மறுபடி உணவுப் பஞ்சம் வந்தபோது வீட்டில் இருந்தார். பண்டகசாலையைத் திறந்துவிட்டார். வாரம் வசூலிக்கவில்லை. அம்மா ஜார்ஜினாவும் குழந்தைகளும் உணவு வழங்கும் வேலையில் இறங்கினார்கள். அப்போது கான்ஸ்டன்ஸுக்கு 12 வயது நெருங்கிக்கொண்டிருந்தது, ஜாஸ்லினுக்குப் பத்து, ஈவாவுக்கு ஒன்பது. வாசலில் பாத்திரத்தோடு நின்றவர்கள் அவர்களுக்குப் பெயர் தெரிந்த மனிதர்கள். அந்த அம்மா பிற்பாடு பண்ணைக் குடும்பத்துப் பெண்களுக்குத் தையல் பள்ளி ஒன்றும் நடத்தினார். கைவேலையில் அவர்கள் நாலு காசு பார்க்கட்டும் என்ற எண்ணம்.

கான்ஸ்டன்ஸ் பிறந்தது லண்டனில், 1868 பிப்ரவரி 4. வளர்ந்ததெல்லாம் லிசடெல். குதிரை ஏறுவதில் அந்த மாவட்டத்திலேயே அவருக்கு ஈடு இல்லை என்பார்கள். குடிசைகளுக்குள் கேட்காமலே நுழைந்து நெருப்பருகே உட்கார்ந்து பேசுகிற பெண். ஈவா அதற்கு நேர்மாறு: மெல்லிய உடம்பு, புத்தகம், கவிதை. சாரா பர்சர் என்ற ஓவியர் 1880இல் இந்த இரண்டு சிறுமிகளையும் லிசடெல் காட்டில் வைத்து ஓர் ஓவியம் தீட்டினார். அக்கா நிமிர்ந்து நிற்கிறாள். தங்கை பூக்களோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கடைசிவரை அந்த இருவர் உறவு அப்படியேதான் இருந்தது என்று தோன்றும், ஆனால் அரசியலில் அக்காவுக்கு முன்னால் நடந்தவள் உட்கார்ந்திருக்கும் அந்தத் தங்கைதான்.

1887இல் பிரபு குலப் பெண்களின் வழக்கப்படி கான்ஸ்டன்ஸ் விக்டோரியா ராணியின் முன் நிறுத்தப்பட்டார். அடுத்தது கல்யாணம் என்று வீடு காத்திருந்தது. அவருக்கு ஓவியம் படிக்க ஆசை. லண்டனில் ஸ்லேட் பள்ளி, பிறகு பாரிஸில் ஜூலியன் அகாதெமி. பாரிஸில்தான் காசிமிரைச் சந்தித்தார். மனைவியை இழந்தவர், ஒரு சின்ன மகன் உண்டு, கத்தோலிக்கர். ‘கவுண்ட்’ என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்வார், அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. 1900இல் கல்யாணம். அந்த வருடத் தொடக்கத்திலேயே அப்பா காலமாகியிருந்தார். பட்டமும் பண்ணையும் ஜாஸ்லினுக்கு வந்தன.

ஜாஸ்லினைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. துப்பாக்கி தூக்காதவர், கவிதை எழுதாதவர். ஆனால் ஸ்லைகோக் குடியானவன் வாழ்க்கையை நேரடியாக மாற்றியது யார் என்று கேட்டால் அவர் பெயரைத்தான் நான் முதலில் சொல்வேன். ஹொரஸ் பிளங்கெட் தொடங்கிய கூட்டுறவு இயக்கத்தில் சேர்ந்து, ட்ரம்கிளிஃபில் பால் பண்ணைக் கூட்டுறவுச் சங்கம் எழக் காரணமாக இருந்தார். குடியானவர்கள் பாலைக் கொண்டுவந்து ஊற்றினால் வெண்ணெய் சங்கத்தின் பெயரில் விற்கும், லாபம் ஊற்றியவர்களுக்கே. இடைத்தரகர் தொழிலில் மண் விழுந்தது.

அதைவிடப் பெரியது 1903இல் வந்த விண்டம் சட்டம். அதன் ஏற்பாடு எளிமையானது. குத்தகைக்காரர் தான் உழும் நிலத்தை வாங்கிக்கொள்ள அரசாங்கம் முழுத் தொகையையும் கடனாகக் கொடுக்கும். அதை அவர் ஆண்டுக்கு 3.25 சதவீதம் வீதம் அறுபத்தெட்டரை ஆண்டுகளில் கட்டித் தீர்ப்பார். அந்தத் தவணை பழைய வாரத்தைவிடக் குறைவாக இருக்கும். நிலத்தை விற்க முன்வரும் பிரபுவுக்கு விலைக்கு மேல் 12 சதவீதம் ஊக்கத்தொகை. எத்தனையோ பிரபுக்கள் விலை ஏறட்டும் என்று இழுத்தடித்தார்கள். ஜாஸ்லின் முதலிலேயே விற்றவர்களில் ஒருவர். பண்ணையின் பெரும்பகுதி உழுதவர் கைக்குப் போனது. மீதி நிலத்தில் அவர் டாஃபடில் பூக்கிழங்கும் மலைச்செடிகளும் விதை உருளைக்கிழங்கும் வளர்த்தார். லிசடெல் நாற்றுப்பண்ணை கடல் கடந்து பேர் வாங்கியது. வாரம் வாங்கித் தின்ற வீடு கூலி கொடுக்கும் வீடாக மாறியது. இதற்கு அவர் பிரிட்டனை எதிர்க்க வேண்டியிருக்கவில்லை. அக்காவின் வழியை அவர் ஒருநாளும் ஏற்கவும் இல்லை.

ஈவாவின் பாதை 1896இல் இத்தாலியில் திரும்பியது. நுரையீரல் நோய்க்காக ஓய்வெடுக்கப் போன இடத்தில் எஸ்தர் ரோப்பரைச் சந்தித்தார். மான்செஸ்டரில் பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்துக்கொண்டிருந்தவர், பாதிரியார் மகள். அந்த வருட முடிவில் ஊருக்குத் திரும்பிய ஈவா அக்காவையும் சேர்த்துக்கொண்டு ட்ரம்கிளிஃபில் வாக்குரிமைக் கூட்டம் நடத்தினார். கான்ஸ்டன்ஸ் தலைவர், ஈவா செயலாளர். அடுத்த ஆண்டே லிசடெலை விட்டுப் புறப்பட்டு மான்செஸ்டரில் எஸ்தரோடு குடியேறினார். கடல் காற்றில் வளர்ந்த நோயாளி, புகை படிந்த ஆலை நகரத்தின் ஒரு சாதாரண வீட்டுக்கு. சாகும்வரை இருவரும் பிரியவில்லை.

அங்கே ஈவா செய்தது பிரபு வீட்டுப் பெண்கள் பொழுதுபோக்காகச் செய்யும் தருமம் அல்ல, தொழிற்சங்க வேலை. பஞ்சாலைப் பெண்கள், மதுக்கடையில் பரிமாறும் பெண்கள், சுரங்க வாயிலில் நிலக்கரி பிரிக்கும் பெண்கள் என்று யாரும் கணக்கில் எடுக்காதவர்களிடம் போனார். லங்காஷயர் ஆலைப் பெண்கள் 29,359 பேர் கையெழுத்திட்ட வாக்குரிமை மனு 1901இல் நாடாளுமன்றத்துக்குப் போனது. ஆலை வாசலில் நின்று ஒவ்வொன்றாக வாங்கிய கையெழுத்துகள் அவை.

1908 ஏப்ரலில் மான்செஸ்டரில் ஓர் இடைத்தேர்தல். வின்ஸ்டன் சர்ச்சில் வேட்பாளர். மதுக்கடைகளில் பெண்கள் வேலை செய்வதைத் தடுக்க வழிசெய்யும் மசோதாவை அவருடைய கட்சி கொண்டுவந்திருந்தது. ஆயிரக்கணக்கான பெண்களின் பிழைப்பு போய்விடும். ஈவாவும் எஸ்தரும் எதிர்ப் பிரச்சாரத்தில் இறங்கினார்கள். அக்காவுக்குத் தகவல் போனது. அவர் வந்து நான்கு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய கோச்சு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு நகர வீதிகளில் வலம் வந்தார். கூட்டத்தில் ஒருவர் “உனக்குச் சமைக்கத் தெரியுமா?” என்று கத்தினார். “தெரியும். உனக்கு நாலு குதிரை வண்டி ஓட்டத் தெரியுமா?” என்று திருப்பிக் கேட்டார் கான்ஸ்டன்ஸ். சர்ச்சில் தோற்றார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் லிசடெலில் கற்ற குதிரை வித்தை மதுக்கடைப் பெண்களுக்காக இறங்கிய அந்த ஒரு நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. அக்கா தங்கை இருவரும் ஒரே மேடையில் முழு மனதோடு நின்ற கடைசிச் சண்டைகளில் அதுவும் ஒன்று.

ஏனென்றால் அதற்குள் கான்ஸ்டன்ஸ் வேறு பக்கம் போகத் தொடங்கியிருந்தார். 1903 முதல் டப்ளின் வாசம். ஓவியக் கண்காட்சி, நாடகம், அரசப் பிரதிநிதியின் மாளிகையில் நடன விருந்து. 1906இல் ஓவியம் வரைய மலையடிவாரத்தில் ஒரு சிறு குடிசையை வாடகைக்கு எடுத்தார். அதில் முன்பு தங்கியிருந்த கவிஞர் விட்டுப்போன பழைய பத்திரிகைக் கட்டு கிடந்தது, எல்லாம் அயர்லாந்து விடுதலை பேசிய ஏடுகள். உட்கார்ந்து படித்தார். 38 வயதில், தன் நாட்டில் நடப்பது தனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது என்று உணர்ந்தார். ‘அயர்லாந்தின் புதல்விகள்’ என்ற பெண்கள் அமைப்பின் கூட்டத்துக்கு முதன்முதலாகப் போனபோது, நடன விருந்திலிருந்து நேராக, பட்டு கவுனும் வைரமுமாகப் போய் நின்றார். ஏழைப் பெண்கள் நிறைந்த அறை. யாரும் எழுந்து நிற்கவில்லை, ஏறெடுத்துப் பார்க்கவும் இல்லை. அந்தப் பாராமுகம்தான் அவருக்குப் பிடித்துப்போனது.

அந்த அமைப்பின் பத்திரிகைக்கு அவர் எழுதியது தோட்டக்கலைப் பத்தி. வீட்டில் ஜாஸ்லின் பூக்கிழங்கு வளர்க்கிறார், இங்கே அக்கா செடிக்குத் தழை உரம் எப்போது போடுவது என்று எழுதுகிறார். நடுநடுவே அரசியல் தலைகாட்டும். தோட்டத்து நத்தைப்புழுக்களை, அயர்லாந்தில் ஆங்கிலேயரைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும் என்று ஓரிடத்தில் எழுதினார். 1909இல் பல்மர் ஹாப்சனோடு சேர்ந்து சிறுவர்களுக்கு ஃபியன்னா என்ற படையை அமைத்தார். அணிவகுப்பு, கூடாரம் அடித்தல், துப்பாக்கி சுடுதல். அதில் வளர்ந்த பையன்கள் பலர் 1916இல் களத்தில் நின்றார்கள்.

1913இல் டப்ளின் முதலாளிகள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தவர்களை வெளியே தள்ளிக் கதவடைத்தார்கள். மாதக்கணக்கில் நகரம் பட்டினி கிடந்தது. சங்க அலுவலகமான லிபர்ட்டி ஹாலின் நிலவறையில் சூப் கொதித்தது. கையை மடித்துவிட்டுக்கொண்டு அகப்பையோடு கான்ஸ்டன்ஸ் நின்றார். நகைகளை விற்றார், கடன் வாங்கினார். 1879இல் பெரிய வீட்டு வாசலில் பார்த்த அதே வரிசைதான் இங்கேயும் நின்றது. அன்று கொடுத்தவர் எஜமானின் மகள். இன்று வேலைநிறுத்தக்காரர்களில் ஒருவர். அந்த வித்தியாசத்துக்காகத்தான் அவர் வீட்டை விட்டார் என்று நினைக்கிறேன். எல்லோரும் அதை நம்பவில்லை. தொழிலாளர்களைக் காக்க அப்போது எழுந்த தொழிலாளர் படையின் செயலாளராக இருந்த ஷான் ஓ’கேசி, அவர் மேட்டுக்குடிச் சகவாசமும் உள்ள வேறோர் அமைப்பிலும் இருக்கிறார், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று 1914இல் தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் தோற்றது, ஓ’கேசி பதவி விலகினார். அவருடைய சந்தேகத்தை வெறும் பொறாமை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. தலைமுறை தலைமுறையாக ஏமாந்தவர்கள் பெரிய வீட்டு மகளை எடுத்த எடுப்பில் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள். தொழிலாளர் படையின் மைக்கேல் மாலினுக்கு அடுத்த நிலையில் கான்ஸ்டன்ஸ் டப்ளின் நடுவில் உள்ள செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவைப் பிடித்த அணியில் இருந்தார். பூங்காவில் பதுங்குகுழி தோண்டினார்கள். சுற்றியுள்ள உயரமான கட்டடங்களைப் பிடிக்காதது பெரிய பிழை. மறுநாள் விடியலில் ஹோட்டல் மாடியிலிருந்து இயந்திரத் துப்பாக்கி பொழிந்தது; பக்கத்திலிருந்த அறுவை மருத்துவக் கல்லூரிக்குள் பின்வாங்கினார்கள். பூங்காக் காவலர் குளத்து வாத்துகளுக்கு இரை போட வரும்போது மட்டும் இரு தரப்பும் சுடுவதை நிறுத்தினார்களாம்.

முதல் நாளில் மைக்கேல் லாஹிஃப் என்ற ஆயுதமில்லாத காவலர் பூங்கா வாயிலருகே சுடப்பட்டு இறந்தார். சுட்டது கான்ஸ்டன்ஸ்தான் என்ற குற்றச்சாட்டு இன்றுவரை பேசப்படுகிறது. அந்த நேரத்தில் அவர் வேறிடத்தில் இருந்தார் என்று மறுப்பவர்களும் உண்டு. அவரை நேசிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. இறந்தவர் ஓர் ஐரிஷ் இளைஞர்.

ஏழாம் நாள் சரணடையும் உத்தரவு வந்தது. சரணை ஏற்க வந்த பிரிட்டிஷ் அதிகாரி டி கோர்சி வீலர். அவர் மனைவி கான்ஸ்டன்ஸுக்கு உறவுக்காரர். கான்ஸ்டன்ஸ் ரிவால்வரை முத்தமிட்டு அவர் கையில் கொடுத்தார். மோட்டாரில் அழைத்துப் போகிறேன் என்றார் வீலர். வேண்டாம் என்று சொல்லித் தன் ஆட்களோடு வரிசையில் நடந்தார். எதிரெதிர் அணியில் நின்றவர்கள் ஒரே விருந்து மேசையைச் சேர்ந்தவர்கள் என்பதும், அந்த மேசையின் சலுகையை அவர் மறுத்ததும் அந்தச் சில நிமிடங்களிலேயே நடந்து முடிந்தன.

மே 4 அன்று ராணுவ நீதிமன்றம். அயர்லாந்தின் விடுதலைக்காகப் போராடப் போனேன், எனக்கு என்ன நேர்ந்தாலும் கவலையில்லை, சரி என்று நினைத்ததைச் செய்தேன், அதில் உறுதியாக நிற்கிறேன் என்று அவர் சொன்னது நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. வழக்கு நடத்திய வைலி என்ற அதிகாரி, அவர் அழுது உயிர்ப்பிச்சை கேட்டார் என்று பல ஆண்டுகள் கழித்து எழுதிவைத்தார். பதிவேடு அப்படிச் சொல்லவில்லை. நான் பதிவேட்டை நம்புகிறேன். மரண தண்டனை விதித்து, பெண் என்ற ஒரே காரணத்துக்காக அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். கில்மைனம் சிறையில் விடியற்காலைகளில் தோழர்களைச் சுடும் சத்தம் அவர் அறைக்குக் கேட்டது. மே 8இல் மாலின். மே 12இல் தொழிலாளர் படைத் தலைவர் ஜேம்ஸ் கனோலி. அன்றுதான் ஈவாவும் எஸ்தரும் லண்டனிலிருந்து வந்து இறங்கி அவரைப் பார்த்தார்கள்.

ஈவா போருக்கே எதிரானவர். முதல் உலகப் போரில் துப்பாக்கி ஏந்த மறுத்தவர்களுக்காக நீதிமன்றம் நீதிமன்றமாக அலைந்தவர். அக்கா துப்பாக்கி ஏந்தியதை அவர் மனம் ஏற்றிருக்காது. ஆனால் அக்காவைக் காப்பாற்ற, சிறை நிலைமையைச் சீராக்க, ஓயாமல் எழுதிக்கொண்டும் மனிதர்களைப் பார்த்துக்கொண்டும் இருந்தார். இங்கிலாந்தில் அயில்ஸ்பரி சிறைக்கு மாற்றப்பட்ட பிறகு, தினமும் ஒரு குறிப்பிட்ட வேளையில் சில நிமிடங்கள் ஒருவரையொருவர் நினைத்துக்கொள்வது என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டார்கள். கடிதத்துக்குக் கணக்கு வைக்கும் சிறையில் இதற்கு மட்டும் தணிக்கை இல்லை. ஜாஸ்லின் ஊரிலிருந்தபடியே அக்காவின் வரவு செலவைக் கவனித்துக்கொண்டார், அதிகாரிகளோடு கடிதம் எழுதி மல்லுக்கட்டினார். கொள்கையால் மூவரும் மூன்று திசை. ஆனாலும் ஒருவரை ஒருவர் கைவிடவில்லை.

இந்தக் குடும்பக் கதையில் ஆறாத புண் ஒன்று உண்டு. கான்ஸ்டன்ஸின் ஒரே மகள் மேவ், 1901 நவம்பரில் லிசடெலில் பிறந்தவள். பிரசவத்தில் தாய் பிழைத்ததே பெரிய காரியம். கணவரின் குடும்பம் வாழ்ந்த உக்ரைனுக்குப் போனபோது குழந்தையைப் பாட்டி ஜார்ஜினாவிடம் விட்டுப்போனார்கள். திரும்பியபோது காசிமிரின் மூத்த தாரத்து மகன் ஸ்டாஸ்கோவை அழைத்து வந்தார்கள். அவன் டப்ளினில் அவர்களோடு வளர்ந்தான். மேவ் பாட்டியிடமே தங்கிவிட்டாள். ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் கூடாரம் அடிக்கக் கற்றுக்கொடுத்த அம்மாவுக்குத் தன் மகள் எப்போதோ வரும் விருந்தாளி. பிரபு வீடுகளில் பிள்ளைகளைத் தாதியிடம் விடுவது வழக்கம்தான், பாட்டி வீட்டு வசதியும் பாதுகாப்பும் டப்ளினில் இல்லைதான். மகளுக்கு அந்தக் காரணங்கள் ஆறுதலாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஓர் ஆண் தலைவரின் வரலாற்றில் இதை யாரும் கேட்பதில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது உண்மை. ஆண்களையும் கேட்க வேண்டும்.

பிறகு நடந்தவை பாடப்புத்தகங்களில் இருப்பவை. 1917 ஜூனில் விடுதலை, அதே ஆண்டு கத்தோலிக்கராக ஞானஸ்நானம். 1918இல் மறுபடி சிறை, இம்முறை லண்டன் ஹாலோவே. அந்தச் சிறையிலிருந்தபடியே டிசம்பர் தேர்தலில் டப்ளின் செயின்ட் பேட்ரிக் தொகுதியில் நின்றார். பிரிட்டன், அயர்லாந்து முழுவதும் 17 பெண்கள் நின்றதில் ஜெயித்தவர் அவர் ஒருவரே. அவருடைய கட்சி வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போகாமல் டப்ளினில் தனி நாடாளுமன்றம் கூட்டியது. அதனால்தான் அந்த அவையில் முதலில் அமர்ந்த பெண் என்ற பேர் அடுத்த ஆண்டு நான்சி ஆஸ்டருக்குப் போனது. 1919இல் தொழிலாளர் அமைச்சர். தலைமறைவு அரசாங்கம் என்பதால் கோப்புகளோடு வீடு மாறிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அயர்லாந்தில் அடுத்த பெண் அமைச்சர் வர 1979 ஆனது. 1921இல் பிரிட்டனோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை எதிர்த்தார், உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பில் நின்றார், மறுபடியும் சிறை கண்டார்.

கடைசி வருடங்களில் அவரிடம் ஒரு பழைய மோட்டார் வண்டி தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. டப்ளினில் நிலக்கரி கிடைக்காத 1926-27 குளிர்காலத்தில் அந்த வண்டியில் மலைக்குப் போய்க் கரிமண் கட்டிகளை மூட்டையாக ஏற்றி வந்து, சேரி வீடுகளின் இருண்ட மாடிப்படிகளில் தானே தூக்கிக்கொண்டு ஏறினார். வயது ஐம்பத்தெட்டு.

அதற்குள் தங்கை போய்விட்டாள். 1926 ஜூன் 30 அன்று லண்டன் ஹாம்ஸ்டெட்டில் ஈவா இறந்தார். கான்ஸ்டன்ஸ் அடக்கத்துக்குப் போகவில்லை. குடும்பத்தார் முகத்தைப் பார்க்கும் தெம்பு அவருக்கு இல்லை. அடுத்த ஜனவரியில் அம்மா. ஜூனில் தேர்தலில் ஜெயித்தார். ஜூலையில் குடல்வால் அறுவைச் சிகிச்சை, தொடர்ந்து வயிற்றுக்குள் சீழ். தனி அறை வேண்டாம் என்று பொது வார்டிலேயே படுத்தார். வார்சாவிலிருந்து காசிமிர் வந்தார், ஸ்டாஸ்கோ வந்தான், மேவ் வந்தாள். வருடக்கணக்கில் ஒன்றாக உட்காராத குடும்பம் அந்தக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தது. 1927 ஜூலை 15 அன்று உயிர் பிரிந்தது. அரசாங்கம் மாநகர மண்டபத்தைத் தரவில்லை. ரொட்டுண்டாவில் உடலை வைத்தார்கள். டப்ளின் சேரிகள் மொத்தமும் திரண்டு வந்து நின்றன. ஜாஸ்லின் ஊரிலிருந்து வந்திருந்தார். கிளாஸ்னெவின் இடுகாட்டில் விடுதலைப் போராட்டத் தலைவர் தெ வலேரா இரங்கல் உரை வாசித்தார்.

தங்கையையும் அக்காவையும் பற்றி யேட்ஸ் எழுதிய கவிதை அதே 1927இல் எழுதப்பட்டது. 1894இல் லிசடெலில் விருந்தாளியாகத் தங்கியபோது பார்த்த இரு அழகிய இளம்பெண்களை நினைத்து, அரசியல் அவர்களை உலரவைத்துவிட்டதே என்று வருந்துகிறார். மொழியழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கவிதையில் ஆலைப் பெண்களின் 29,359 கையெழுத்து இல்லை, கரிமண் மூட்டை இல்லை. அந்த இரு பெண்களும் முதுமையை வீணாக்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

ஜாஸ்லின் 1944இல் இறந்தார். சாவதற்கு முன் இரண்டு மகன்களைப் போரில் பறிகொடுத்திருந்தார்: பிரயன் 1940இல் எக்ஸ்மவுத் போர்க்கப்பலோடு கடலில் மூழ்கினார், ஹியூ 1943இல் கிரேக்கத் தீவான லேரோஸில் விழுந்தார். இருவரும் அணிந்திருந்தது பிரிட்டிஷ் சீருடை. தூணில் நிற்கும் மார்டண்டின் மகன் பால் கோர்-பூத் பிரிட்டனின் தூதர் பணியில் சேர்ந்து 1960 முதல் 1965 வரை தில்லியில் ஹை கமிஷனராக இருந்தார். அத்தையோ அதே பேரரசின் நீதிமன்றத்தில் மரண தண்டனை பெற்றவர், பெரியப்பாவோ நிலத்தைக் குடியானவருக்கு விற்றவர். லிசடெல் மாளிகை 2003இல் குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. புதிதாக வாங்கியவர்கள் பழுதுபார்த்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தூண் ஓவியங்கள் அப்படியே இருக்கின்றன.

மேவ் 1962 வரை இருந்தார். அம்மாவின் அரசியலில் அவர் ஈடுபடவில்லை. தோட்டம் அமைப்பதைத் தொழிலாக எடுத்துக்கொண்டார், பிற்காலத்தில் அம்மாவைப்போல ஓவியமும் வரைந்தார். கான்ஸ்டன்ஸ் மவுண்ட்ஜாய் சிறையில் இருந்த காலத்தில் முற்றத்து மண்ணைக் கொத்திச் செடி வளர்த்தவர். எந்தச் செடியை எங்கே நடுவது என்ற பேச்சுக்கு மட்டும் அந்த அம்மாவுக்கும் மகளுக்கும் இடையில் ஒரு பொது மொழி இருந்திருக்கும்.